சிறிய ஆர்க் வெல்டிங் இயந்திரம்: பொருத்துதலும் பாதுகாப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதவுக் கீல், இரும்பு ஸ்டாண்டு, உடைந்த கைப்பிடி போன்ற சில்லறை வேலைகளுக்காகச் சிறிய வெல்டிங் இயந்திரம் வாங்கியவர்களும் வாங்க நினைப்பவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. மேல்பூச்சுள்ள வெல்டிங் கம்பியான ராடை, ஹோல்டர் என்ற கைப்பிடியில் கவ்விப் பிடித்துச் செய்யும் வெல்டிங்கைப் பற்றி மட்டுமே இங்கே பேசுகிறோம். இயந்திரம் கையடக்கமாகிவிட்டது. ஆனால் ராடு முனையில் எழும் ஆர்க், அதாவது இரும்பை உருக்கும் மின்சுடர், பெரிய பட்டறையில் எழுவதேதான். அதே வெளிச்சம், அதே சூடு, அதே புகை.

இன்வெர்ட்டர் வாங்குவதா, பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை வாங்குவதா?

புதிதாகக் கற்பவருக்கு இன்வெர்ட்டர்தான், அதாவது மின்னணு சர்க்யூட்டால் இயங்கும் வெல்டிங் இயந்திரம் (வீட்டு பேட்டரி இன்வெர்ட்டர் அல்ல). எடை குறைவு, டி.சி. கரண்ட் தருகிறது, ஆர்க் நிலையாக நிற்கிறது, அதே வேலைக்கு லைனிலிருந்து குறைவாகவே மின்சாரம் இழுக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் கனமானது என்றாலும் அடியும் தூசியும் தாங்கும், பழுது பார்ப்பதும் எளிது.

இன்வெர்ட்டருக்கு முதல் எதிரி இரும்புத் தூள். கிரைண்டர் பொறி பறக்கும் பக்கத்தில் வைத்தால், உள்ளே சுற்றும் விசிறி அந்தத் தூளை உறிஞ்சி சர்க்யூட் பலகையின் மேல் படியவைத்துவிடும். இயந்திரத்தை எப்போதும் கிரைண்டருக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள். காற்றுத் துளைகளைத் துணியால் மூடி வேலை செய்யாதீர்கள்.

பெட்டியில் ‘200 ஆம்பியர்’ என்று போட்டிருக்கிறது. அவ்வளவு வேண்டுமா?

சில்லறை வேலைக்கு 130 ஆம்பியர் உண்மையாகக் கிடைத்தாலே தாராளம். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணைவிட, இயந்திரத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் சிறிய தகட்டைப் படியுங்கள். அதில் எத்தனை ஆம்பியருக்கு எத்தனை சதவீதம் என்று டியூட்டி சைக்கிள் போட்டிருக்கும். அது 10 நிமிடக் கணக்கு. 160 ஆம்பியரில் 30 சதவீதம் என்றால், பத்து நிமிடத்தில் 3 நிமிடம் எரிக்கலாம், மீதி 7 நிமிடம் ஆறவிட வேண்டும். ஆம்பியரைக் குறைத்தால் எரிக்கும் நேரம் கூடும். அந்தத் தகடே இல்லாத இயந்திரத்தை வாங்காமல் இருப்பது நல்லது.

சூடு மிஞ்சினால் மஞ்சள் விளக்கு எரிந்து இயந்திரம் தானாக நின்றுவிடும். அப்போது சுவிட்சை அணைக்காதீர்கள். விசிறி ஓடினால்தான் உள்ளே ஆறும்.

வீட்டுச் சுவர் பிளக்கில் செருகலாமா?

கணக்குப் போட்டுப் பார்த்துச் செருகலாம். 100 ஆம்பியரில் வெல்டிங் செய்யும்போது ஆர்க்கில் சுமார் 24 வோல்ட் இருக்கும், அதாவது 2.4 கிலோவாட் வெளியே போகிறது. இயந்திரத்துக்குள் ஏற்படும் இழப்பையும் சாதாரண இன்வெர்ட்டரின் குறைந்த பவர் ஃபேக்டரையும் (இழுக்கும் கரண்ட் முழுதும் வேலையாக மாறாத குறை) சேர்த்தால், 230 வோல்ட் லைனிலிருந்து 15 ஆம்பியருக்கும் மேல் இழுக்கக்கூடும். 2.5 மி.மீ. ராடை 70 ஆம்பியரில் எரித்தால் பத்துப் பதின்மூன்று ஆம்பியருக்குள் அடங்கும். எனவே விளக்கு, மின்விசிறிக்கான சிறிய பிளக் எதற்கும் உதவாது. தடித்த முள் கொண்ட பவர் பிளக், அதற்கென மெயின் போர்டிலிருந்து நேராக வரும் 4 சதுர மி.மீ. செம்பு ஒயர், ஒயருக்குப் பொருத்தமான எம்.சி.பி., அதாவது கரண்ட் மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச். இவை வேண்டும். இணைப்பை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்பதற்காகப் பெரிய எம்.சி.பி. மாற்றுவது மிக ஆபத்தான வேலை. ஒயர் பழையதாகவே இருக்கும். சுவருக்குள் அது காய்ந்து உருகினாலும் எம்.சி.பி. விழாது.

எக்ஸ்டென்ஷன் ஒயர் போடலாமா?

போடலாம். ஒவ்வொரு ஒயரும் குறைந்தது 2.5 சதுர மி.மீ. தடிமனுடன், எர்த் சேர்த்து மூன்று ஒயர் உள்ளதாக, முடிந்தவரை குட்டையாக இருக்கட்டும். உருளையில் சுற்றி வரும் வகையென்றால் முழுவதையும் அவிழ்த்துத் தரையில் விரித்துவிடுங்கள். சுற்றியபடியே பயன்படுத்தினால் சூடு வெளியேற வழியின்றி உள்சுற்றுகள் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தூரம் அதிகம் என்றால் ஹோல்டர் கேபிளை நீட்டுவதைவிட எக்ஸ்டென்ஷனைத் தடிமனாக்குவது மேல். வெளியீட்டுப் பக்கம் கரண்ட் பல மடங்கு அதிகம், அங்கே மெல்லிய நீண்ட கேபிள் போட்டால் ஆர்க் சோர்ந்துவிடும்.

எர்த் கிளாம்பும் பிளக்கின் மூன்றாவது முள்ளும் ஒன்றுதானே? கிளாம்ப் மாட்டிவிட்டால் எர்த் கிடைத்துவிட்டது அல்லவா?

இல்லை. வெல்டிங்கில் அதிகம் பேர் குழம்பும் இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மூன்றாவது முள் இயந்திரத்தின் இரும்புக் கூட்டைப் பூமியோடு இணைக்கிறது. உள்ளே லைன் ஒயர் அறுந்து கூட்டில் பட்டால், அந்தக் கரண்ட் பூமிக்கு ஓடி எம்.சி.பி.யையோ, கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யையோ விழவைக்கும். அது உங்கள் உயிருக்கான ஒயர். வேலை நடக்கும்போது அதில் கரண்ட் எதுவும் ஓடக்கூடாது.

‘எர்த் கிளாம்ப்’ என்று நாம் அழைக்கும் கவ்வி வேறு. ராடு வழியே போன நூறு ஆம்பியர் இயந்திரத்துக்குத் திரும்பி வரும் பாதை அது. அதற்கும் பூமிக்கும் சம்பந்தமில்லை. அதை மாட்டியதால் ஷாக்கிலிருந்து எந்தப் பாதுகாப்பும் கிடைக்காது.

இரண்டும் மோதிக்கொள்ளும் சூழல் ஒன்று உண்டு. வெல்டிங் செய்யும் சட்டம் கட்டடத்தின் இரும்போடு தொட்டுக்கொண்டிருக்கிறது, கிளாம்ப்போ துருவின் மேல் அரைகுறையாகக் கவ்வியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு ஆம்பியர் திரும்பிப் போக வேறு வழி தேடும். கட்டட இரும்பு, தண்ணீர்க் குழாய், பக்கத்தில் செருகியிருக்கும் டிரில் இயந்திரத்தின் மெல்லிய எர்த் ஒயர் என்று கிடைத்த வழியில் எல்லாம் ஓடும். அந்த எர்த் ஒயர் உருகி அறுந்தாலும் டிரில் வழக்கம்போல் ஓடும், வெளியே எதுவும் தெரியாது. அடுத்து அதைத் தொடுபவருக்குப் பாதுகாப்பு போய்விட்டது.

ஆகவே கிளாம்ப்பை வெல்டிங் செய்யும் அதே துண்டில், மூட்டுக்குப் பக்கத்தில், கிரைண்டரால் தேய்த்துப் பளபளக்கும் உலோகத்தில் மாட்டுங்கள். பெயிண்ட், துரு, ஆயில் மேல் மாட்டக் கூடாது. கிளாம்ப் கையில் சுடுகிறதென்றால் அங்கே பிடிமானம் சரியில்லை. ஆர்க் நிற்காமல் விட்டுவிட்டு எரிவதற்கும் பெரும்பாலும் இந்தக் கிளாம்ப்தான் காரணம். புதியவர்கள் ஆம்பியர் திருகைத் திருகிக்கொண்டே இருப்பார்கள். கோளாறு மறுமுனையில் இருக்கும்.

ஹோல்டரைப் பிளஸ்ஸில் போடுவதா, மைனஸில் போடுவதா?

ராடு பாக்கெட்டில் எழுதியிருக்கும். பொதுவாக டி.சி. இயந்திரத்தில் ஹோல்டர் பிளஸ், கிளாம்ப் மைனஸ். 7018 ராடுக்கு இது கண்டிப்பு. 6013 இரண்டிலும் எரியும். மெல்லிய தகடு ஓட்டை விழுந்தால் ஹோல்டரை மைனஸுக்கு மாற்றிப் பாருங்கள், ஊடுருவல் குறையும். இணைப்பியைச் செருகியபின் வலப்பக்கம் திருகி இறுக்க மறக்காதீர்கள். தளர்ந்திருந்தால் அந்த இடமே எரிந்து கருகும்.

ஆர்க் 20, 30 வோல்ட்தானே? ஷாக் அடிக்காது என்கிறார்களே?

ஆர்க் எரியும்போதுதான் 20, 30 வோல்ட். எரியாதபோது, அதாவது ராடைக் கையில் பிடித்துக்கொண்டு இடம் பார்க்கும்போது, பல இயந்திரங்களில் 60 முதல் 80 வோல்ட் நிற்கிறது. உலர்ந்த கையுறையோடு இருப்பவருக்கு அது தெரியாது. வியர்வையில் நனைந்த சட்டையோடு இரும்புச் சட்டத்தின் மேல் உட்கார்ந்து, வெறுங்கையால் ராடு மாற்றுபவரைக் கொல்ல அது போதும்.

வீட்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறது என்று இங்கே நம்பவும் முடியாது. அது இயந்திரத்துக்கு உள்ளே வரும் லைனை மட்டும் காக்கிறது. வெளியீட்டுப் பக்கம் லைனிலிருந்து பிரிக்கப்பட்டது; அங்கே அடிக்கும் ஷாக்கை அது அறியாது. எனவே உலர்ந்த தோல் கையுறை இரண்டு கைக்கும், ரப்பர் அடியுள்ள காலணி, ஈரமில்லாத தரை. இரும்பின் மேல் உட்காரவோ படுக்கவோ வேண்டியிருந்தால் கீழே உலர்ந்த பலகை போடுங்கள். ராடை அக்குளில் இடுக்காதீர்கள், கேபிளைத் தோளில் சுற்றாதீர்கள், சூடான ஹோல்டரைத் தண்ணீரில் முக்காதீர்கள். மழைத் தூறலில் வேலையை நிறுத்திவிடுங்கள். தோல் கிழிந்த கேபிளுக்கு டேப் சுற்றுவதைவிட மாற்றிவிடுவது நல்லது.

சில இயந்திரங்களில் வி.ஆர்.டி. என்ற வசதி உண்டு. ஆர்க் எரியாதபோது வோல்டேஜைத் தானாகக் குறைத்துவிடும். இரண்டு இயந்திரங்களுக்கிடையே தயக்கம் இருந்தால் இது உள்ளதை எடுங்கள்.

பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் வெல்டிங் செய்யலாமா?

இதய மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது, அருகில் நிற்கவும் கூடாது. நூறு ஆம்பியர் ஓடும் கேபிளைச் சுற்றி வலுவான காந்தப்புலம் இருக்கிறது.

ராடின் மேல் இருக்கும் 6013, 7018 எண்கள் எதைச் சொல்கின்றன?

முதல் இரண்டு இலக்கம் வெல்டின் இழுவிசை வலிமை. 60 என்றால் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு, 70 என்றால் 70,000. மூன்றாவது இலக்கம் 1 என்றால் படுக்கையாக, நிமிர்வாக, தலைக்கு மேல் என எல்லா நிலையிலும் எரிக்கலாம். கடைசி இரண்டையும் சேர்த்துப் படித்தால் மேல்பூச்சின் வகை தெரியும்.

அந்த மேல்பூச்சுதான் ராடின் உயிர். சுவீடனைச் சேர்ந்த ஆஸ்கர் ஷெல்பெர்க் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெறும் இரும்புக் கம்பியைத் தாதுக் கலவையில் முக்கி உலரவைத்துப் பயன்படுத்தினார். இன்றைய ராடு அதன் வழிவந்ததே. பூச்சு எரிந்து எழும் வாயு, உருகிய இரும்பைக் காற்றிலிருந்து காக்கிறது. மீதி உருகிக் கசடாக மேலே மூடுகிறது. பூச்சு உதிர்ந்த, ஈரம் குடித்த ராடை எரித்தால் வெல்டு முழுக்கத் துளைதுளையாக வரும்.

கற்பதற்கு 6013. எளிதாகப் பற்றும், கசடு எளிதாக உரியும். 7018 வலுவான வேலைகளுக்கு. ஆனால் அது ஈரத்துக்கு மிகவும் பயப்படும் ராடு. பாக்கெட் பிரித்தபின் சூடான பெட்டியில் வைக்க வசதி இல்லாதவர்கள் அதை வாங்கி அடுக்கி வைப்பதில் பயனில்லை.

எத்தனை ஆம்பியர் வைப்பது?

2 மி.மீ. ராடுக்கு 40 முதல் 60. 2.5 மி.மீ. ராடுக்கு, பட்டறையில் 12 கேஜ் என்பார்கள், 60 முதல் 90. 10 கேஜ் எனப்படும் 3.15 மி.மீ. ராடுக்கு 90 முதல் 130. நடுவில் தொடங்கி, அதே தடிமனுள்ள கழிவுத் துண்டில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். வெல்டு கயிறுபோல் மேலே திரண்டு நின்றால் கரண்ட் போதவில்லை. ஓரத்தில் பள்ளம் விழுந்து, பொறி நாலாபுறமும் தெறித்து, ராடின் பின்பகுதி சிவந்தால் அதிகம்.

ராடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. என்ன செய்வது?

மணிக்கட்டைச் சட்டென்று பக்கவாட்டில் முறுக்கினால் விடுபடும். விடவில்லையென்றால் ஹோல்டரின் பிடியை அழுத்தி ராடை அப்படியே விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் முகத்தை மறைக்கும் ஷீல்டை மட்டும் தூக்காதீர்கள். ஹோல்டர் விலகும் கணத்தில் ஆர்க் வெடிக்கும், கண்ணில் படும்.

ஒட்டுவதற்குக் காரணம் கரண்ட் குறைவு, ஈர ராடு, கெட்ட கிளாம்ப் பிடிமானம் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். தீக்குச்சி உரசுவதுபோல் நீளமாக இழுத்து, பற்றியதும் ராடு கம்பியின் தடிமன் அளவுக்கு மட்டும் இடைவெளி விட்டு நிறுத்துங்கள்.

ஆர்க் பற்றிவிட்டது. எதைப் பார்த்து ஓட்டுவது?

ஆர்க்கின் வெளிச்சத்தைப் பார்க்காதீர்கள். அதற்குப் பின்னால் பாருங்கள். கண் பழகியதும் இரண்டு பொருள் தெரியும். ஒன்று, பளிச்சென்று தெளிவாக இருக்கும் உருகிய இரும்புக் குளம். இன்னொன்று, அதன் மேல் மங்கலாக மிதந்து பின்னால் ஒதுங்கும் கசடு. குளத்தின் பின் விளிம்பு வட்டமாக நிறைவதைப் பார்த்துக்கொண்டே நகர வேண்டும். கசடு முன்னால் ஓடி ஆர்க்கை முந்தினால், அது வெல்டுக்குள் சிக்கிக்கொள்ளும். ராடைப் போகும் திசைக்குச் சாய்த்து, அதாவது முனை பின்னோக்கிப் பார்க்கும்படி 10 முதல் 20 டிகிரி சாய்த்து, இடைவெளியைக் குறைத்தால் கசடு பின்வாங்கும்.

ராடு எரிய எரியக் குட்டையாகிக்கொண்டே வரும் என்பதால் கை அதற்கேற்பக் கீழே இறங்கிக்கொண்டும் இருக்க வேண்டும். புதியவர்கள் பக்கவாட்டில் மட்டும் நகர்ந்து, ஆர்க் நீண்டு, வெல்டு சிதறிப்போகும். காது இதற்கு உதவும். இடைவெளி சரியாக இருந்தால் ஒரே சீரான சடசடப்பு; நீண்டால் ஊதுவதுபோல் உள்ளீடற்ற சத்தம். ஹோல்டர் பிடித்த கையின் முழங்கையை எங்காவது ஊன்றிக்கொள்ளுங்கள், நடுக்கம் நிற்கும்.

எந்தக் கண்ணாடி? கூலிங் கிளாஸ் போதாதா?

போதவே போதாது. சிறிய இயந்திரத்தின் வேலைக்கு ஷேடு எண் 10 அல்லது 11 வேண்டும். தானாகக் கருக்கும் ஷீல்டு வாங்கினால், கண்ணாடி இன்னும் கருக்காத நொடியிலும் புற ஊதாக் கதிரையும் அகச்சிவப்பையும் தடுக்கும் வகையா என்று பார்த்து வாங்குங்கள். தரச் சான்று உள்ளவற்றில் இந்தத் தடுப்பு எப்போதும் இருக்கும். முன் சென்சாரைக் கை மறைக்காமல் இருக்கட்டும், பேட்டரியைச் சோதியுங்கள். கையில் பிடிக்கும் ஷீல்டிலும் முழுப் பாதுகாப்பு கிடைக்கும். ஒரு கை அதற்கே போய்விடும் என்பதுதான் சிரமம்.

கசடு தட்டும்போது ஷீல்டைத் தூக்கிவிடுவோம். அப்போது கண்ணுக்கு நேராகத் தெறிப்பது கண்ணாடிபோன்ற சூடான கசடுச் சில்லு. ஷீல்டுக்குள்ளே நிறமற்ற பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றும் எப்போதும் அணிந்திருங்கள்.

பக்கத்தில் வேடிக்கை பார்க்கும் குழந்தைக்கும் உதவிக்குப் பிடித்துக்கொண்டிருப்பவருக்கும் அதே கதிர்தான். பிடிப்பவருக்கும் ஒரு ஷீல்டு கொடுங்கள், அல்லது கிளாம்ப் போட்டுவிட்டு அவரை அனுப்பிவிடுங்கள்.

பகலில் ஒன்றும் தெரியவில்லை, நள்ளிரவில் கண் எரிந்து நீர் கொட்டுகிறது. ஏன்?

புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைப் பொசுக்கியிருக்கிறது. பட்டுப் பல மணி நேரம் கழித்தே வலி தொடங்கும். கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தும், வெளிச்சம் கூசும். பொதுவாக ஓரிரு நாளில் ஆறிவிடும். தேய்க்காதீர்கள். இருட்டறையில், மூடிய இமை மேல் குளிர்ந்த ஈரத்துணி வையுங்கள். சாறு, எண்ணெய், பால் என்று எதையும் கண்ணில் விடாதீர்கள். மரத்துப்போகச் செய்யும் சொட்டுமருந்தை நீங்களாக வாங்கித் திரும்பத் திரும்ப விடுவது ஆறுவதையே தடுக்கும். வலி கடுமையாக இருந்தாலும், ஒரு நாளில் குறையாவிட்டாலும், பார்வை மங்கினாலும் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

என்ன உடை?

முழுக்கைப் பருத்திச் சட்டை, கழுத்துவரை பொத்தான், மடிப்பில்லாத முழுக்கால் சட்டை, தோல் காலணி, முடிந்தால் தோல் ஏப்ரன். பாலியஸ்டர் பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். பையில் லைட்டர் இருக்கக் கூடாது. திறந்திருக்கும் கழுத்தும் முன்கையும் வெயிலில் கருகுவதைவிட வேகமாகச் சிவக்கும்.

புகையால் என்ன ஆகும்? திறந்தவெளிதானே?

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் சேர்த்தது. திறந்தவெளியிலும் குனிந்து, புகைக்கு நேர் மேலே முகத்தை வைத்துக்கொண்டால் அத்தனையும் ஷீல்டுக்குள்தான் போகும். தலையைப் பக்கவாட்டில் வைத்து, காற்று உங்கள் ஒரு தோளிலிருந்து மறு தோள் பக்கம் போகும்படி நில்லுங்கள். கைக்குட்டை கட்டுவது புகையைத் தடுக்காது. துகள் வடிகட்டும் முறையான முகக்கவசம் வேண்டும்.

இரண்டு பொருள்களில் தனிக் கவனம் தேவை. முதலாவது ஜி.ஐ. எனப்படும் துத்தநாகம் பூசிய இரும்பு. வெள்ளைப் புகை எழும். சில மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சலும் உடல்வலியும் வரும். பால் குடித்தால் சரியாகும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது, ஆனால் நுரையீரலுக்குள் போன புகையைப் பால் ஒன்றும் செய்யாது. மூட்டின் இரு பக்கமும் இரண்டு விரற்கடை அகலத்துக்குப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு வெல்டிங் செய்யுங்கள்; தேய்க்கும்போதும் முகக்கவசம் இருக்கட்டும். இரண்டாவது, குளோரின் கலந்த பிரேக் கிளீனர், கிரீஸ் நீக்கி போன்ற திரவங்கள். இவற்றின் ஆவி ஆர்க்கின் சூட்டிலும் கதிரிலும் சிதைந்து பாஸ்ஜீன் என்ற கொடிய நச்சு வாயுவாக மாறும். இவற்றால் துடைத்த இரும்பை வெல்டிங் செய்யவே கூடாது. வெல்டிங்குக்கு முன் துடைக்க அசிட்டோன் போதும். அதுவும் முழுக்க உலர்ந்து, டப்பாவை வெகுதூரம் நகர்த்திய பிறகு.

எவ்வளவு தூரம் பொறி பறக்கும்?

பத்து மீட்டர் வரை போகும் என்று வைத்துக்கொண்டு சுற்றுப்புறத்தை ஒழுங்குபடுத்துங்கள். மரத்தூள், சாக்கு, பெயிண்ட், பெட்ரோல் எல்லாம் அதற்கு அப்பால். பொறி தரை இடுக்கிலும் சுவர் ஓட்டையிலும் உருண்டு போய்ப் புகையும். தீ பெரும்பாலும் வேலை முடிந்து ஆட்கள் போனபிறகுதான் பிடிக்கிறது. ஆகவே கடைசி ராடுக்குப் பின் ஒரு மணி நேரம் அங்கே யாராவது இருக்க வேண்டும். எட்டும் தூரத்தில் மணல் வாளியும் தீயணைப்பானும் இருக்கட்டும். சுவரின் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று தொடங்கும் முன்பே போய்ப் பாருங்கள்.

காலி டிரம்மை வெட்டி ஒட்டலாமா?

வேண்டாம். எண்ணெயோ பெட்ரோலோ இருந்த டிரம் காலியாக இருக்கும்போதுதான் ஆவியும் காற்றும் கலந்து வெடிக்கத் தயாராக இருக்கிறது. தண்ணீர் ஊற்றிக் கழுவியது போதாது. இருபுறமும் அடைத்த குழாயும் ஆபத்து. உள்ளே காற்று சூடேறி விரிந்து முகத்தில் பீறிடும். முதலில் சிறு துளை போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

வண்டியின் மேல் வெல்டிங் செய்யும்போது?

பேட்டரியின் இரண்டு இணைப்பையும் கழற்றுங்கள். கிளாம்ப்பை மூட்டுக்கு அருகிலேயே மாட்டுங்கள். சக்கரத்துக்கு அந்தப்புறம் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து குண்டுகளில் குழி விழும். எரிபொருள் தொட்டி, குழாய், ஏர்பேக் அருகே கை வைக்காதீர்கள்.

நான் போட்ட வெல்டு தாங்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உடைத்துப் பாருங்கள். இரண்டு பட்டைத் துண்டுகளை ‘ட’ எழுத்து மூலைபோல் செங்குத்தாக நிறுத்தி, உட்பக்கம் மட்டும் ஒரு கோடு வெல்டு போடுங்கள். முழுக்க ஆறியபின் வைஸில் கவ்வி, வெளிப்பக்கம் திறந்துகொள்ளும்படி சுத்தியலால் வெல்டின் மேலேயே மடக்கி அடியுங்கள். பட்டை வளைந்தும் வெல்டு விடவில்லையென்றால் நல்லது. வெல்டு ஒரு பட்டையிலிருந்து அப்படியே உரிந்து வந்து, அடியில் பட்டையின் பழைய விளிம்பு உருகாமல் நேர்கோடாகத் தெரிந்தால், இரும்பு மேலே உட்கார்ந்திருக்கிறதே தவிர கலக்கவில்லை. கரண்டைக் கூட்டுங்கள் அல்லது மெதுவாக நகருங்கள். உடைந்த முகத்தில் சிறு துளைகள் என்றால் ஈரமோ துருவோ. கறுப்பு வரி என்றால் சிக்கிய கசடு. ஒரு வரிசைக்கு மேல் அடுத்தது போடுமுன் தட்டி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கவில்லை என்று பொருள்.

இந்தச் சோதனையில் தொடர்ந்து தேறும்வரை ஆள் நிற்கும், ஆள் கீழே நடக்கும் எதையும் வெல்டிங் செய்யாதீர்கள். ஏணி, மாடிக் கைப்பிடி, பளு தூக்கும் கொக்கி, வண்டியின் அச்சு, அழுத்தம் தாங்கும் சிலிண்டர் ஆகியவை தேறிய பிறகும் பயிற்சி பெற்ற வெல்டரின் வேலை.